ஸ்பிரிங்கின் பூட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் குழந்தைகள் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. குழந்தை பெற்றவர்கள் மேல்தான். அதுவும் எல்லார் மேலும் இல்லை, ஒருவன் மேல் மட்டும்.

அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. கம்பெனியில் எல்லாருக்கும் அவன் ஸ்பிரிங். சும்மா நிற்கும்போதுகூடக் குதிகாலை எம்பி எம்பித்தான் நிற்பான். நான் எதையும் இரண்டு தடவை சொல்வேன், நேரம் தவறினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்பதற்காக என்னை வாத்தி என்று கூப்பிட ஆரம்பித்தவன் அவன்தான். நாங்கள் லிஃப்ட் மெக்கானிக்குகள். பதினோரு வருடமாக ஜோடி. இந்த வேலையில் தனி ஆள் என்ற பேச்சே கிடையாது. ஒருவன் மொட்டை மாடியில் மோட்டார் அறையில் இருந்தால் இன்னொருவன் கீழே குழியில் இருப்பான்.

குழி என்றால், லிஃப்ட் பெட்டி கடைசியாக வந்து நிற்கிற இடத்துக்கும் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு பள்ளம். ஒருவன் அதற்குள் குனிந்துகொண்டிருக்கும்போது மேலே எவனாவது மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டால் அவன் கதை முடிந்தது. அதனால் ஆளுக்கொரு பூட்டு. சுவிட்சை அணைத்து, அதன் கொக்கியில் என் பூட்டை நான் போடுவேன், அவன் பூட்டை அவன் போடுவான். இரண்டும் கழன்றால்தான் லிஃப்ட் ஓடும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. சாவி கை மாறக் கூடாது. போட்டவன் கையால்தான் கழற்ற வேண்டும், பெற்ற அப்பனே வந்து கேட்டாலும் தரக் கூடாது.

இவ்வளவும் கம்பெனி விதி. நாங்களாக வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. பிரியும்போது நான் “பூட்டு?” என்பேன், அவன் கழற்றின பூட்டைத் தூக்கிக் காட்டுவான். காட்டின பிறகுதான் அவரவர் பை அவரவர் தோளுக்குப் போகும். பிறகு பஸ் ஏற மாட்டோம். கடைசிக் கட்டடம் எதுவோ, அங்கிருந்து அவன் தெருமுனை வரை நடப்போம். சில நாள் அரை மணி நேரம், சில நாள் ஒன்றேகால் மணி. பேசினது எல்லாம் உருப்படாத பேச்சு. எந்தக் கட்டடத்துக் காவலாளி தூங்கினான், எந்த லிஃப்டுக்குள் எவன் சுவரில் கிறுக்கியிருந்தான் என்று. எனக்கு அந்த நடைதான் நாள். மற்றதெல்லாம் சம்பளத்துக்கு. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, வேறு சிநேகிதனும் கிடையாது, அப்படி ஒருவனைத் தேட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

பதினான்கு மாதத்துக்கு முன் அவனுக்குப் பெண் பிறந்தாள். அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. அடுத்த வாரமே அவன் பஸ் ஏற ஆரம்பித்தான். “கொஞ்ச நாள்தான் வாத்தி” என்றான். கொஞ்ச நாள், கொஞ்ச மாதம் ஆயிற்று. பேச்சில் எதை எடுத்தாலும் பாப்பா வந்து நின்றாள். மோட்டார் பிரேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை நீட்டி, “இதைப் பாரேன், குப்புற விழுந்துட்டா” என்பான். எல்லாக் குழந்தையும் குப்புற விழுகிறது, என்ன பெரிய அதிசயம்! நான் ஏதாவது சொன்னால், “உனக்கு ஒண்ணு இருந்தா தெரியும்” என்பான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனைக் குழியில் விட்டுவிட்டு வரலாம் என்று இருக்கும்.

அவன் வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை பாப்பாவைத் தூக்கச் சொன்னார்கள், எனக்கு ஜலதோஷம் என்றேன். இரண்டாவது தடவை கையில் கிரீஸ் என்றேன். “அண்ணாவுக்கு பயம்” என்று அவன் மனைவி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். மூன்றாவது தடவை போகவில்லை.

போன மாதம் ஒரு கடிதம் எழுதினேன், சூப்பர்வைசருக்கு. ‘எனக்கு வேறு ஜோடி ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ நான்கு தடவை கிழித்துப் போட்டு ஐந்தாவது தடவை எழுதினதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தினமும் கொடுக்கப் போவேன், தினமும் சட்டையோடு வீட்டுக்கு வரும்.

அந்தப் புதன்கிழமை ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் வேலை. காலையில் அவன் வந்தபோதே கண் இரண்டும் சிவந்திருந்தது. கேட்கவில்லை, கேட்டால் பாப்பா கதை வரும். நான் குழியில் இறங்கி எண்ணெய் ஒழுகலைத் துடைத்து, கம்பிகளைப் பார்த்து முடித்தேன். பதினொன்றே முக்காலுக்கு மேலே மோட்டார் அறைக்கு ஏறி வந்தால் அவன் கையில் போன்.

“குழந்தைகள் காப்பகத்துல இருந்து. பாப்பாவுக்குக் காய்ச்சலாம், உடனே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. அவளுக்கு ஷிஃப்ட் முடிய அஞ்சு மணி ஆகும். நான் போறேன் வாத்தி.”

அவன் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, நடுவில் எழுந்து வர முடியாது. எனக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தும், “போ போ, உனக்கென்ன” என்றேன். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் பாய்ந்தான். நான் “பூட்டு?” என்று கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. கோபத்தில் இருக்கிறவன் வழக்கமான வார்த்தையைச் சொன்னால் கோபம் தீர்ந்த மாதிரி ஆகிவிடும் அல்லவா?

என் சாமான்களை எடுத்து அடுக்கினேன். சுவிட்சுக்குப் போய் என் பூட்டைக் கழற்றினேன். பக்கத்தில் அவன் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

மோட்டார் அறையில் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு, தெருவைப் பார்த்து. எட்டிப் பார்த்தேன். அவன் எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான், எம்பி எம்பி. என் கையில் போன் இருந்தது. ஒரு தடவை அழுத்தினால் போதும். அவன் அண்ணாந்து பார்த்தான், கை காட்டினான். நான் காட்டவில்லை. பஸ் வர நான்கு நிமிடம் ஆயிற்று. நேர விஷயத்தில் நான் தப்பாகச் சொல்ல மாட்டேன், சுவரில் கடிகாரம் இருந்தது. நான்கு நிமிடமும் நான் ஜன்னலிலேயே நின்றேன். பஸ் வந்தது, ஏறினான், போனான்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாமல் நின்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த வருடத்தில் நான் கேட்பதற்குள் பஸ்ஸுக்கு ஓடி, இப்படிப் பூட்டை விட்டுவிட்டுப் போனதற்காக அவன் பெயரில் ஏற்கெனவே இரண்டு புகார்ப் படிவம் இருந்தது. மூன்றாவது படிவம் போனால் கட்டடங்களுக்குள் வேலை செய்கிற அனுமதி ரத்து, திரும்பக் கிடைக்காது. என் கடிதம் செய்ய வேண்டிய வேலையை அந்தப் படிவமே செய்துவிடும். கடிதத்தை நான் கொடுக்கக்கூட வேண்டாம்.

பன்னிரண்டு மணிக்குக் கீழே இறங்கி வந்தால் ஏழாம் மாடிக்காரர் நின்றிருந்தார். இரண்டு கையிலும் காய்கறிப் பை, முகத்தில் எள்ளும் கொள்ளும்.

“என்ன சார், பதினொண்ணரைக்கு முடியும்னு எழுதி ஒட்டியிருக்கீங்க?”

“கொஞ்சம் தாமதம் சார்.”

“கொஞ்சம்னா எவ்வளவு? என் முட்டிக்கு பதில் சொல்லுங்க.”

அவர் முட்டிக்கு என்னிடம் பதில் இல்லை. அரை மணி நேரம் நின்று என் தலையைத் தின்றார். ஸ்பிரிங்குக்கு அப்போதுதான் போன் செய்தேன், இரண்டு தடவை. எடுக்கவில்லை. பிறகு சூப்பர்வைசருக்குச் சொன்னேன்.

“மறுபடியும் அவனா?” என்றார். “சரி, மூணு மணி வரைக்கும் பாரு. அவன் வந்து கழட்டினா நான் எதையும் பார்க்கல. இல்லைன்னா கட்டர் அனுப்பறேன், பூட்டை வெட்டிடலாம். நீ படிவத்தை நிரப்பி வை.”

படிவம் என் பையிலேயே இருந்தது. பிரித்தேன். கட்டடம், தேதி, பூட்டு எண். எல்லாம் எழுதினேன். ஐந்தாவது கட்டம்: ‘பூட்டு இருப்பதை முதலில் கவனித்தவர் யார்? எத்தனை மணிக்கு?’

பேனா அங்கே நின்றுவிட்டது. பதினோரு வருடத்தில் எந்தப் படிவத்திலும் நான் பொய் நேரம் எழுதினதில்லை. ஸ்பிரிங் கேலி செய்வான், “வாத்தி செத்தாலும் சரியான நேரத்தை எழுதி வெச்சுட்டுத்தான் சாவான்” என்று. உண்மையை எழுதினால் நான் அயோக்கியன் என்று எழுதிக் கொடுத்த மாதிரி. பொய் எழுதினால் இன்னொரு மாதிரி அயோக்கியன். படிவத்தை மடித்தேன். அவன் வீட்டுக்குக் கிளம்பினேன். நட்புக்காகப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஐந்தாவது கட்டத்துக்குப் பயந்துதான் போனேன்.

லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிறது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாம் மாடியில். கதவில் ஒரு சீட்டு: ‘மணி அடிக்காதீர்கள். அடித்தால் நீங்களே தூங்க வையுங்கள்.’ அவன் கையெழுத்து. நகத்தால் தட்டினேன்.

கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் தயாராக வைத்திருந்த வார்த்தை எல்லாம் போய்விட்டது. வேலைச் சட்டைகூட மாற்றவில்லை. மார்பில் பாப்பா, கன்னத்தை அவன் தோளில் அழுத்தித் தூங்கிக்கொண்டிருந்தாள், சிவந்து போய். மேசையில் பாதி தின்ற ரொட்டி, நாற்காலி முழுக்கத் துவைத்த துணி. மேசை முனை, அலமாரி முனை எல்லாவற்றிலும் கறுப்பு ரப்பர் ஒட்டியிருந்தான். பழைய லிஃப்ட் கதவிலிருந்து கழற்றிப் போட்ட ரப்பர், எனக்கு அடையாளம் தெரியாதா?

“டாக்டர் பார்த்துட்டார். சாதாரண காய்ச்சல்தானாம்” என்று கிசுகிசுத்தான். “நீ எங்க இங்க?”

“பூட்டு” என்றேன்.

அவன் கை இடுப்புக்குப் போயிற்று. சாவி மட்டும் தொங்கியது, பூட்டு இல்லை. முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் இறங்கிவிட்டது.

“மூணு மணிக்குள்ள கழட்டலைன்னா வெட்டிடுவாங்க” என்றேன். “அப்புறம் படிவம்.”

அவன் சாவியைக் கழற்றி நீட்டினான். “நீயே போய்க் கழட்டிடு வாத்தி.”

“சாவி கை மாறக் கூடாது.”

“இப்பவுமா வாத்தித்தனம்?”

“இப்பத்தான்.”

இரண்டு பேரும் சத்தமே வராமல் சண்டை போட்டோம். கடைசியில் அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “அப்ப பாப்பாவைப் பிடி.”

“நானா?”

“இங்க வேற யார் இருக்கா? உட்காரு. கையை இப்படி வை. கட்டில்ல படுக்க வெச்சா எழுந்துடுவா. ரெண்டு மணிக்கு மருந்து, இந்தக் கோடு வரைக்கும். சுவத்துல எழுதிடு.”

ஜலதோஷம் என்று சொல்லவும் நேரமில்லை, கிரீஸ் என்று சொல்லவும் நேரமில்லை. சூடாக ஒரு பாரம் என் மார்பில் இறங்கியது. அவன் படி இறங்குகிற சத்தம் கேட்டது, மூன்று மூன்று படியாக.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூச்சு விடவே யோசனையாக இருந்தது. அவன் சொன்ன சுவரைப் பார்த்தேன். ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தான். நேரம், பால், மருந்து, சூடு, தூக்கம், செய்தவர், சரிபார்த்தவர். எங்கள் பராமரிப்புப் பதிவேட்டையே பார்த்து எழுதினது. அவன் ஒரு கையெழுத்து, அவன் மனைவி ஒரு கையெழுத்து. முந்தின இரவில் மட்டும் ஏழு வரி இருந்தது. கடைசி வரி விடியற்காலை நான்கே முக்கால். ஐந்தரைக்கு அவன் வேலைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். நான் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாப்பா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். யாரடா நீ என்று ஒரு பார்வை. பிறகு ஊரைக் கூட்டினாள். மருந்தைக் கோடு வரை எடுத்துக் கொடுத்தேன். பாதியை விழுங்கினாள், பாதியை என் சட்டைப் பையில் துப்பினாள். கடிதம் இருந்த பைதான். எழுந்து நடந்தேன், அழுகை ஏறியது. என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்ததைச் செய்தேன். அவளை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, மெதுவாகத் தூக்கினேன். “கீழ்த்தளம்... ஒண்ணாம் மாடி... கதவு திறக்குது... ரெண்டாம் மாடி...” நான்காம் மாடியில் அழுகை விக்கலாயிற்று. ஏழாம் மாடியில் நின்றுவிட்டது. ஒன்பதாம் மாடியில் என் மூக்கைப் பிடித்தாள். நெருப்பாகக் கொதித்தது அந்தக் கை.

தாளில் எழுதினேன். ‘2.00 மருந்து, பாதி. 2.04 அழுகை. 2.11 நின்றது. 2.25 தூக்கம்.’ செய்தவர் கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். எல்லாம் சரியான நேரம்.

இரண்டு ஐம்பதுக்கு ஸ்பிரிங் வந்தான், சட்டையெல்லாம் நனைந்து. வாசலிலேயே பூட்டைத் தூக்கிக் காட்டினான், நான் கேட்காமலே. “லிஃப்ட் ஓடுது. சூப்பர்வைசருக்குச் சொல்லிட்டேன். ஏழாம் மாடிக்காரர்தான் என்னைத் திட்டி முடிக்கலை.” பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தான்.

“நீ பூட்டுன்னு சொன்னதும் எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா?” என்றான். “அப்பாடான்னு இருந்துச்சு. காலையில பூட்டினேனா இல்லையான்னு எனக்கு ஞாபகமே இல்லை வாத்தி. கழட்ட மறந்தது போகட்டும். பூட்ட மறந்திருந்தா? உன் பூட்டு ஒண்ணை மட்டும் நம்பி நீ குழிக்குள்ள இருந்திருப்பே.”

பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டே தொடர்ந்தான்.

“இன்னொண்ணும் சொல்லிடறேன். என்னை ஸ்டோருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்து மூணு வாரமாச்சு. ஒரு வருஷம் உட்கார்ந்து சாமான் எண்ணிட்டுத் திரும்பி வந்துடலாம். அனுமதி போச்சுன்னா அதுவும் முடியாது. நீ இன்னிக்கு வராம இருந்திருந்தா...” தலையை ஆட்டினான். “உன்கிட்ட சொல்லத்தான் வாய் வரலை. கோவிச்சுப்பேன்னு.”

மூன்று வாரம். நான் கடிதத்தைச் சுமந்துகொண்டிருந்த அதே மூன்று வாரம். பையிலிருந்து அதை எடுத்தேன், மருந்து ஊறி இளஞ்சிவப்பாக ஆகியிருந்தது. அவனிடம் கொடுத்தேன். ஒற்றைக் கையால் பிரித்துப் படித்தான்.

“வேற ஜோடியா? என்கிட்டயே கேட்டிருக்கலாமேடா” என்றான். கோபம் இல்லை, களைப்புதான்.

அதோடு விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது, படிவமும் இல்லை. ஆனால் ‘நீ வராம இருந்திருந்தா’ என்றானே, அதை வாங்கி வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

“பூட்டு இருந்ததை நான் உனக்குப் போன் பண்ணின நேரத்துல பார்க்கல” என்றேன். “நீ பஸ் ஸ்டாப்புல நிக்கும்போதே பார்த்துட்டேன்.”

அவனுக்கு உடனே புரியவில்லை. “எப்போ?”

“நாலு நிமிஷம் நின்னே. ஜன்னல்ல இருந்து பார்த்துட்டே இருந்தேன். கூப்பிடலை.”

“ஏன்?”

“கோபம்.”

“எதுக்கு?”

வாயைத் திறந்தேன். நாற்பத்திரண்டு வயதில் அதைச் சொல்ல எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். “நீ இப்பெல்லாம் நடந்து வர்றதில்லையே.”

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் கை காட்டினேன்” என்றான்.

“பார்த்தேன்.”

“எதையோ விட்டுட்டு வந்த மாதிரியே இருந்துச்சு வாத்தி. திரும்பி வரலாமான்னு பார்த்தேன். அப்பதான் நீ ஜன்னல்ல நின்னே. ஏதாவது விட்டுட்டுப் போனா இவன் கூப்பிடுவான்னு நெனச்சு நிம்மதியா பஸ் ஏறினேன்.”

நான் தலையைக் குனிந்தேன். தரையில் அந்த இளஞ்சிவப்புக் காகிதம் கிடந்தது.

பாப்பா நெளிந்தாள், சிணுங்கினாள். பால் நேரம் போலிருக்கிறது. ஸ்பிரிங் எழுந்தான், சுற்றிலும் பார்த்தான். நாற்காலியில் துணி, கட்டிலில் விட்டால் அழுவாள். என் முன்னால் வந்து நின்றான்.

“பிடி” என்றான். “பால் கலக்கிட்டு வரேன்.”

இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். பாப்பா என் மூக்கைத் தேடினாள். அவன் சமையலறை வாசல் வரை போய், நின்று, நான் சரியாகப் பிடித்திருக்கிறேனா என்று திரும்பிப் பார்த்தான். பதினோரு வருடத்தில் அவன் என்னைச் சரிபார்த்தது அதுதான் முதல் தடவை.